வெளிநாட்டுச் சங்கத்தோடு சேர்ந்து நம் ஊருக்கு ஒரு பணி: வேலூர்ப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வடாற்காட்டில் வேலூர், குடியாத்தம், ஆற்காடு, ஆம்பூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் பள்ளிச் சுவரிலோ நிழற்குடையிலோ சேவைச் சங்கங்களான ரோட்டரியின் சக்கரமோ அரிமாவின் (லயன்ஸ்) முத்திரையோ கண்ணில் படும். சில இடங்களில் அதன் கீழே ஒரு வெளிநாட்டுச் சங்கத்தின் பெயரும் இருக்கும். அது எப்படி இங்கே வந்தது, நம் ஊருக்கும் அப்படி ஏதாவது செய்ய முடியுமா என்று பலரும் கேட்கிறார்கள். காட்பாடிப் பக்கம் ஒரு ரோட்டரி சங்கத்தில் இருக்கிறேன். இரண்டு பன்னாட்டுப் பணிகளில் கடிதப் போக்குவரத்தும் கணக்கும் என் பொறுப்பில் இருந்தன. அந்த அனுபவத்தில் இருந்து இந்தப் பதில்கள்.

எங்கோ இருக்கும் சங்கம் நம் ஊருக்கு ஏன் உதவ வேண்டும்?

வேலூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருந்தகம்தான் சிஎம்சி மருத்துவமனையாக வளர்ந்தது. கடல் கடந்து வந்த நன்கொடைகள் அதில் பெரும் பங்கு. 1946-இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் சீராக்கும் வழியை இங்கேதான் வளர்த்தெடுத்தார். அந்த அறிவு இங்கிருந்து மற்ற நாடுகளுக்குப் போனது. அதனால் உதவி ஒரு பக்கமாக மட்டும் ஓடியது என்று நினைக்க வேண்டாம்.

போலியோ இன்னொரு எடுத்துக்காட்டு. 1980-களின் தொடக்கத்தில் சிஎம்சியின் டாக்டர் ஜேக்கப் ஜான் குழுவினர், வேலூர் நகரக் குழந்தைகளுக்கு ஒரே சமயத்தில் சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். அந்த முடிவுகள் 1983-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தன. ரோட்டரி 1985-இல் போலியோ பிளஸ் திட்டத்தைத் தொடங்கியது. 1988-இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் போன்றவற்றோடு சேர்ந்து உலகம் முழுக்க போலியோவை ஒழிக்கும் முயற்சியில் இறங்கியது. இந்தியாவில் 1995-இல் பல்ஸ் போலியோ நாள்கள் தொடங்கின. நாட்டின் கடைசி பாதிப்பு 2011 ஜனவரி 13 அன்று ஹவுராவில். 2014 மார்ச் 27 அன்று இந்தியாவுக்குப் போலியோ இல்லை என்ற சான்று கிடைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நம் தெருமுனைப் பந்தல்களில் நின்று பிள்ளைகளின் சுண்டுவிரலில் மை வைத்தவர்களில் எங்கள் சங்கத்து ஆட்களும் உண்டு.

குளோபல் கிராண்ட் என்கிறார்களே, அது என்ன?

ரோட்டரிக்கு ஃபவுண்டேஷன் என்று தனி அறக்கட்டளை இருக்கிறது. 1917-இல் ஆர்ச் கிளம்ப் என்பவர் முன்வைத்த யோசனை அது. முதலில் வந்த நன்கொடை 26 டாலர் 50 சென்ட்தான். இன்று அந்த அறக்கட்டளையிலிருந்து கிடைக்கும் பெரிய உதவித்தொகைக்குப் பெயர்தான் குளோபல் கிராண்ட்.

பணி நடக்கும் நாட்டுச் சங்கம் ஒன்று, வெளிநாட்டுச் சங்கம் ஒன்று, இரண்டும் கூட்டாக விண்ணப்பிக்க வேண்டும். முதலாவதை ஹோஸ்ட் கிளப் என்பார்கள். பணியின் மொத்தச் செலவு குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும். சின்ன வேலைகளுக்கு டிஸ்ட்ரிக்ட் கிராண்ட் தனியாக உண்டு, அதற்கு வெளிநாட்டுக் கூட்டாளி கட்டாயமில்லை. பத்து பெஞ்சு வாங்கவும் குளோபல் கிராண்ட் தேடி அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம்.

பணம் எங்கிருந்தெல்லாம் வருகிறது? கணக்கைப் புரியும்படி சொல்லுங்கள்.

உறுப்பினர்கள் ஆண்டு நிதிக்குக் கொடுக்கும் தொகையை ஃபவுண்டேஷன் மூன்று ஆண்டு முதலீட்டில் வைக்கும். பிறகு அதில் ஏறக்குறைய பாதி, கொடுத்தவர்களின் ரோட்டரி மாவட்டத்துக்கே திரும்பும். அதை டிடிஎஃப் என்கிறோம். மீதி ஃபவுண்டேஷனின் பொதுவான உலக நிதிக்குப் போகும். ரோட்டரி மாவட்டம் என்பது ஒரு பகுதிச் சங்கங்களின் தொகுப்பு, வருவாய் மாவட்டம் வேறு. நம் பகுதி 3231 என்ற எண்ணுள்ள ரோட்டரி மாவட்டத்தில் வருகிறது.

ஒரு சிறு கணக்கு. வெளிநாட்டு மாவட்டம் தன் டிடிஎஃபிலிருந்து 10,000 டாலரும் நம் மாவட்டம் 5,000 டாலரும் ஒதுக்குகின்றன, மொத்தம் 15,000. இதற்கு உலக நிதி 80 சதவீதம், அதாவது 12,000 டாலர் சேர்க்கும். ஆக 27,000. குறையும் 3,000 டாலரை இரண்டு சங்கங்களும் ரொக்கமாகப் போட்டால் 30,000 ஆகிவிடும். ரொக்கத்தை ஃபவுண்டேஷன் வழியாகச் செலுத்தினால் கூடவே 5 சதவீதம் கட்ட வேண்டும். ரொக்கத்துக்கு உலக நிதி இப்போது பங்கு சேர்ப்பதில்லை. டிடிஎஃபுக்கும் முன்பு 100 சதவீதம் கிடைத்தது, 2021 ஜூலையில்தான் 80 ஆனது. விகிதங்கள் மாறுகின்றன என்பதால் விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

எந்த வேலைக்குக் கிடைக்கும்? எதற்குக் கிடைக்காது?

அமைதி, நோய்த் தடுப்பு, தண்ணீரும் சுகாதாரமும், தாய் சேய் நலம், அடிப்படைக் கல்வி, ஊர்ப் பொருளாதாரம், சுற்றுச்சூழல் ஆகிய ஏழில் ஒன்றுக்குள் பணி அடங்க வேண்டும். நிலம் வாங்கவோ, ஆட்கள் குடியிருக்கும், வேலை செய்யும் கட்டடம் கட்டவோ தரமாட்டார்கள். கழிப்பறை, கிணறு, தடுப்பணை ஆகியவற்றுக்குத் தடையில்லை. ஏற்கெனவே முடிந்த வேலைக்குப் பின்னாலிருந்து பணம் கேட்க முடியாது. ரோட்டரி உறுப்பினரோ அவர் வீட்டாரோ பயனாளியாக இருக்கவும் கூடாது.

ஊருக்கு என்ன தேவை என்பதை யார் முடிவு செய்வது?

ஊர்தான். எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

குடியாத்தம் பக்கம் ஒரு ஊர். சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்து, அங்கே ஆர்ஓ தண்ணீர் மிஷின் வைப்பது என்று பேசி முடித்துவிட்டோம். பாலாற்றுப் படுகையில் பல ஊர்களில் தண்ணீர் உப்பு, கேன் தண்ணிக்கு மாதாமாதம் காசு போகிறது. அதனால் அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. விண்ணப்பத்துக்கு முன் தேவைக் கணக்கெடுப்பு கட்டாயம் என்பதால் நான்கு பேர் அந்த ஊர் நடுநிலைப் பள்ளிக்குப் போனோம். பள்ளி விடும் நேரம். எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகளின் பைகள் சுவரோரம் வரிசையாக இருந்தன. பக்கவாட்டில் செருகியிருந்த தண்ணீர் பாட்டில்கள் காலையில் வீட்டிலிருந்து நிரப்பி வந்தது போலவே இருந்தன. ஒன்றிலும் பாதிகூடக் குறையவில்லை. ஏன் என்று சத்துணவுக்கூடத்து அம்மாவிடம் கேட்டோம். பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: "தண்ணி குடிச்சா ஒண்ணுக்குப் போவணும் இல்ல சார்? எங்க போவும் அதுங்க?"

கழிப்பறை இருந்தது. குழாயில் தண்ணீர் இல்லை, ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு ஆர்ஓ மிஷின் வைத்துக் கொடுத்திருந்தால் அந்தத் தண்ணீரையும் குடித்திருக்க மாட்டார்கள். அன்றிலிருந்து பணியின் வடிவமே மாறிவிட்டது. ஐந்து பள்ளிகளில் மேல்நிலைத் தொட்டி, குழாய் இணைப்பு, கழிப்பறைச் சீரமைப்பு, நாப்கின் எரியூட்டி, கைகழுவும் தொட்டி, ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி.

அதனால் கணக்கெடுப்பை வெறும் படிவமாக நினைக்காதீர்கள். ஊர்த் தலைவரோடு முடித்துக்கொள்ளாமல் பெண்களைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள், காலனிக்கும் போங்கள், மலையடிவாரக் குக்கிராமம் இருந்தால் அங்கேயும் போங்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் ஒன்றில் உங்கள் திட்டத்தை வைத்துத் தீர்மானம் வாங்கினால் பின்னால் பெரிய பலம்.

கூட்டாளிச் சங்கத்தை எங்கே தேடுவது?

முகம் தெரியாத நூறு சங்கங்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்புவதால் ஒன்றும் நடக்காது. தெரிந்தவர் ஒருவர் வழியாகப் போவதுதான் நடைமுறை. வேலூருக்கு இதில் ஒரு வசதி உண்டு. சிஎம்சியில் படித்த மருத்துவர்களும் செவிலியர்களும் உலகமெங்கும் இருக்கிறார்கள். விஐடி பல்கலைக்கழகத்தில் படித்துப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது அங்கே ஒரு சங்கத்தில் இருக்கலாம், அல்லது இருப்பவரைத் தெரிந்திருக்கலாம். உலக மாநாடு, நட்புப் பரிமாற்றப் பயணம், உங்கள் சங்கத்துக்கு எப்போதோ வந்துபோன விருந்தாளி ஆகியவையும் வழிகள்தான்.

முதல் கடிதத்திலேயே பணம் கேட்காதீர்கள். இரண்டு பக்கத்துக்கு மிகாமல் ஊரைப் பற்றி, பிரச்சினையைப் பற்றி, நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். அப்புறம் ஒரு வீடியோ அழைப்பு. நமக்கு இரவு 8 மணி என்றால் சிகாகோவில் கோடைக்காலத்தில் காலை 9.30. அவர்களுக்கு நேரம் வசதியா என்று பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

அவர்கள் வேலை பணம் அனுப்புவதோடு முடிந்துவிடுமா?

முடியாது, முடியவும் கூடாது. இரண்டு பக்கமும் மூன்று பேர் கொண்ட குழு போட வேண்டும் என்பது விதி. மொத்தப் பங்களிப்பில் குறைந்தது 15 சதவீதம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஆனால் எங்கள் கூட்டாளி கொடுத்ததிலேயே பெரியது ஒரு கேள்விதான்.

அது ஜெர்மனியில் ஒரு சிறு ஊர்ச் சங்கம். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் எங்கள் வரைபடம், விலைப்பட்டியல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இரண்டு ஆண்டு கழித்து இந்தக் கழிப்பறைகளை யார் கழுவுவார்கள்? சம்பளம் யார் தருவார்கள்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. திரும்பிப் போய் ஒவ்வொரு பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழுவோடு உட்கார்ந்தோம். தூய்மைப் பணியாளருக்கு யார் பொறுப்பு, மோட்டார் கெட்டால் யார் பார்ப்பது என்றெல்லாம் எழுதி வாங்கினோம். அதற்கு மட்டும் மூன்று மாதம் ஆனது. அப்போது கோபமாகத்தான் இருந்தது. இன்றும் அந்தக் குழாய்களில் தண்ணீர் வருகிறது என்றால் அந்த மூன்று மாதம்தான் காரணம்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். வேறொரு ஊரில், எங்களுக்கு முன் யாரோ வைத்துக் கொடுத்த ஆர்ஓ நிலையத்தைப் பார்த்தேன். பூட்டிக் கிடந்தது. கல்வெட்டில் பெயர்கள் பளிச்சென்று இருந்தன. சவ்வு அடைத்துப்போய், மாற்ற யாரிடமும் பணமில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள் அது. கரண்ட் பில், ஆபரேட்டர் சம்பளம், கழிவாக வெளியேறும் உப்பு நீரை எங்கே விடுவது என்பதையெல்லாம் முதல் நாளே பேசியிருந்தால் அது ஓடிக்கொண்டிருக்கும்.

வெளிநாட்டு நண்பர் நேரடியாக எங்கள் அறக்கட்டளைக் கணக்குக்குப் பணம் அனுப்பலாமா?

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது எஃப்சிஆர்ஏ பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் கூடாது. தொகை சிறிது என்பதால் விலக்கு கிடையாது. பதிவு இருந்தாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடையைப் புது டெல்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் இதற்கென்று திறந்த கணக்கில்தான் முதலில் வாங்க வேண்டும். அப்படி வாங்கியதை வேறொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் இப்போது தடை. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

நம் பக்கத்தில் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. துபாயிலோ ரியாத்திலோ வேலை பார்க்கும் வாணியம்பாடிக்காரர் இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வாங்குவதற்கு முன் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். ரோட்டரி பணியாக இருந்தால், இந்தியாவில் அதற்கென்று இருக்கும் ஃபவுண்டேஷன் அமைப்பு வழியாகத்தான் எல்லாம் நடக்க வேண்டும்.

கணக்கு வைப்பது அவ்வளவு கஷ்டமா?

கஷ்டமில்லை, ஆனால் ஒழுங்கு வேண்டும். பணிக்கென்று தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, பெரிய கொள்முதலுக்கு மூன்று கொட்டேஷன், ஒவ்வொரு ரூபாய்க்கும் பில். முதல் தவணை வந்த 12 மாதத்துக்குள் முன்னேற்ற அறிக்கை, வேலை முடிந்த இரண்டு மாதத்துக்குள் இறுதி அறிக்கை. தாமதித்தால் அடுத்த விண்ணப்பம் நின்றுவிடும். மேஸ்திரி துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அன்றைக்கே முறையான பில் கேளுங்கள். ஆறு மாதம் கழித்து அவரைத் தேடிப் பேர்ணாம்பட்டு வரை போன அனுபவம் எனக்கு உண்டு.

மருத்துவமனைக்கு டயாலிசிஸ் மிஷின் கேட்டால் எளிதாகக் கிடைக்குமாமே?

பல நாட்டுச் சங்கங்கள் விரும்பிச் செய்யும் பணிதான், தேவையும் உண்மை. ஆனால் மிஷின் மட்டும் வந்தால் சிகிச்சை நடக்காது. ஒருமுறை சிகிச்சை ஏறக்குறைய நான்கு மணி நேரம், அதற்குச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் வேண்டும். நம் பகுதி உப்புத் தண்ணீரில் அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தின் செலவே தனி. பயிற்சி பெற்ற டெக்னீஷியன் வேண்டும், ஜெனரேட்டர் வேண்டும். நோயாளி வாரத்தில் இரண்டு மூன்று முறை வர வேண்டும். ஒடுகத்தூருக்கு மேலே மலைக் கிராமத்திலிருந்து வருபவருக்குப் பேருந்துச் செலவும் கூலி இழப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த மருத்துவமனை இருக்கிறதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால், மிஷின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, ஊர் ஊராகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துச் சிறுநீரகம் கெடும் முன்பே பிடிக்கும் வேலையைச் சேர்ப்பேன்.

அங்கே பயன்படுத்திய கருவிகளை அனுப்புகிறேன் என்கிறார்கள். வாங்கலாமா?

பெரும்பாலும் வேண்டாம். அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட், நம்மிடம் 230. உதிரிபாகம் கிடைக்காது, சுங்க அனுமதிக்கு அலைய வேண்டும். நல்ல மனதோடு சொல்கிறார்கள் என்பதால் மறுக்கத் தயக்கமாக இருக்கும். காரணத்தை விளக்கி எழுதினால் புரிந்துகொள்வார்கள். இங்கேயே வாங்கினால் சர்வீஸ் ஆள் சென்னையிலிருந்து அன்றைக்கே வந்துவிடுவார்.

ஜூலையில் தலைவர் மாறிவிட்டால் பணி என்னாகும்?

ரோட்டரி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. பன்னாட்டுப் பணியோ யோசனையிலிருந்து இறுதி அறிக்கை வரை இரண்டு மூன்று ஆண்டு இழுக்கும். அதனால் பணிக்குழுவில் தலைவரை மட்டும் நம்பாமல், தொடர்ந்து இருக்கக்கூடிய மூன்று பேரைப் போடுங்கள். அடுத்து வரப்போகும் தலைவரை முதல் நாளே கூட்டிப்போய் ஊரைக் காட்டுங்கள். அந்தப் பக்கமும் தலைவர் மாறுவார், அவருக்கும் ஒரு அறிமுகக் கடிதம் எழுதுங்கள்.

அரிமா, இன்னர் வீல் சங்கங்களிலும் இது உண்டா?

உண்டு, விதிகள் வேறு. அரிமா சங்கங்களுக்கு 1968-இல் தொடங்கிய சொந்தப் பன்னாட்டு அறக்கட்டளை இருக்கிறது. கண்பார்வைப் பணியில் அவர்களுக்கு ஆழமான அனுபவம். 1925-இல் ஹெலன் கெல்லர் அவர்களிடம் வைத்த வேண்டுகோளிலிருந்து அது வளர்ந்தது. பார்வையிழப்பைத் தடுக்கும் அவர்களின் சைட்ஃபர்ஸ்ட் திட்டம் 1990-இல் வந்தது. இன்னர் வீல் 1924-இல் மான்செஸ்டரில் பிறந்த பெண்கள் அமைப்பு. பெண்களிடம் பேசித் தெரிந்துகொள்ள வேண்டிய பணிகளில் அவர்களைச் சேர்த்துக்கொண்டால் நாம் கேட்கத் தெரியாததை அவர்கள் கேட்டு வாங்கி வருவார்கள்.

அரசுப் பள்ளியில் வேலை செய்ய யாரிடம் அனுமதி?

தலைமையாசிரியரிடம் தொடங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், வட்டாரக் கல்வி அலுவலர், பிறகு மாவட்டக் கல்வி அலுவலகம். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகிவிட்டது. ஐந்து பள்ளிகள் இரண்டு மாவட்டத்தில் விழுந்தால் இரண்டு இடத்திலும் அனுமதி வாங்க வேண்டும்.

எங்கள் ஊரில் சங்கமே இல்லை. நாங்கள் என்ன செய்வது?

பக்கத்து டவுனில் ஒன்று கட்டாயம் இருக்கும். அவர்களின் வாரக் கூட்டத்துக்கு இரண்டு மூன்று பேராகப் போங்கள், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் பேச நேரம் தருவார்கள். கோரிக்கை மனுவை விட உங்கள் ஊரின் விவரம் உதவும். எத்தனை வீடு, குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர், பள்ளியில் எத்தனை பிள்ளைகள், ஊராட்சியில் இதற்கு முன் என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது. நான்கைந்து போட்டோ. ஊர் தன் பங்காக என்ன தரும் என்பதையும் எழுதுங்கள், ஆள் வேலையோ இடமோ மாதம் ஒரு சிறு தொகையோ எதுவானாலும் சரி. எங்கள் இரண்டாவது பணி அப்படித்தான் வந்தது. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து மகளிர் குழுவைச் சேர்ந்த மூன்று பேர் ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தார்கள். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் கணக்கை அவர்களே எழுதியிருந்தார்கள். விண்ணப்பத்தின் பாதி அந்த நோட்டிலேயே இருந்தது.